குங்குமத்தை மிதிக்காத வண்டி

அக்காவுக்கு இன்னும் ஒரே ஒரு கிருத்திகைதான் பாக்கி இருந்தது. ஓராண்டுக்கு மாதக் கிருத்திகைதோறும் திருத்தணி மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து ஏறுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். பதினோரு முறை ஏறியும் விட்டாள். அப்புறம்தான் இதயத்தில் வால்வு கெட்டுப்போனது தெரிந்தது. படியேறவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

அக்காவின் கணவர் பாவாவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் சமையல் வேலை. கடைசித் தடவைக்குத் தானே ஏறிக் குங்குமம் வைத்துவிடுவதாகச் சொன்னார்.

"வேண்டிக்கினது நானு. நீங்க வச்சா எப்படிங்க?" என்று அக்கா அந்தப் பேச்சை முடித்துவிட்டாள்.

இரண்டாயிரத்துச் சொச்சம் அது. நான் அவர்கள் வீட்டில் தங்கி, தினமும் ரயிலில் சென்னைக்குப் போய், ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு உருவங்கள் செய்துகொண்டிருந்தேன். நான் செய்த, நாலு காலில் நடக்கும் வண்டி ஒன்றை அங்கே வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு ரோஷம். அதை வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து மெருகேற்ற ஆரம்பித்தேன். திரையில் களிமண் மாதிரி ஒரு உருண்டை இருக்கும்; கம்ப்யூட்டரோடு இணைத்த பேனாவால் இழுத்தால் நீளும், அழுத்தினால் குழியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு பார்ப்பாள்.

"இது படி ஏறுமாடி?"

"ஆங், ஏறும்."

"அப்ப என்னைக் குந்த வச்சி ஏத்திவுடு. நெஜத்துல முடியல, உன் பொட்டியிலயாச்சும் மேல போய்ச் சேர்றேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். விளையாட்டில்லை என்று எனக்குத் தெரிந்தது. வண்டியின் முதுகில் ஒரு இருக்கை செதுக்கினேன். பன்னிரண்டு படிகள் செய்து, அவள் வைப்பதைப் போலவே மஞ்சளும் நடுவில் குங்குமமும் தீட்டி, வண்டியை ஏறவிட்டேன். முதல் கால் நேராகக் குங்குமத்தின்மேல் போய் இறங்கியது. அக்கா பதறிப்போய்த் திரையில் கையை வைத்து மறைத்தாள்.

"ஐயையோ, மிதிக்குதுடி!"

அந்த ஊரிலேயே பிறந்தவள் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

கால்களை அகட்டி, பாதங்கள் படியின் ஓரத்தில் விழும்படி மாற்றினேன். உடம்பு ஆடியது. முழங்கால் மூட்டை இறக்கினால் இருக்கை சாய்ந்தது. அதைச் சரிசெய்தால் பின்னங்கால் படியில் இடித்தது. இப்படியே வாரங்கள் போயின. நடுவில் எனக்குக் கிறுக்கு வேறு பிடித்துக்கொண்டது. யாரும் பார்க்காத மூட்டுக்கு அடியில் துரு, எண்ணெய்க் கறை, திருகுகள் என்று செதுக்கித் தள்ளினேன்.

"நான் எங்கடி?" என்று அக்கா காலி இருக்கையைக் காட்டிக் கேட்டாள்.

"முகம்தான் கஷ்டம்க்கா. அதைக் கடைசியில செய்யறேன்."

மழைக்காலம் வந்தபோது அவளுக்குக் கால்கள் வீங்கிவிட்டன. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்கினாள். ஒரு நாள் காலையில் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டாள்.

"மிதிச்சா மிதிச்சிட்டுப் போவட்டும்டி. சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன். மேல போறத மட்டும் காட்டு."

"இன்னும் ஒரு கால்தான்க்கா பாக்கி. ஞாயித்துக்கெழமை காட்டறேன்."

வெள்ளிக்கிழமை அக்கா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பன்னிரண்டு படிகளை நகலெடுத்து ஒட்டி ஒட்டி முந்நூற்று அறுபத்தைந்தாக்கினேன். அடுப்பில் வைத்த பால் பொங்குகிற நேரம்கூட ஆகவில்லை. அவள் கேட்ட அன்றே செய்திருக்கலாம். ரயிலைத் தவறவிட்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்றைக்கும் அது போகவில்லை.

மீதமிருந்த காலையும் சரிசெய்து ஓடவிட்டேன். மடைப்பள்ளியிலிருந்து வந்த பாவா, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே என் பின்னால் வந்து நின்றார். வண்டி ஒரு பொட்டைக்கூட மிதிக்காமல், ஆடாமல், படிப்படியாக ஏறி உச்சிக்குப் போய் நின்றது. பாவா குனிந்து திரையைக் கிட்டத்தில் பார்த்தார்.

"நல்லா ஏறுதும்மா" என்றார். காலி இருக்கையின்மேல் விரலை வைத்து, "அவ எங்கம்மா?" என்று கேட்டார்.