செருப்புக் காவல்

ஆட்சியர் அலுவலகப் பணியில் இருந்த காலமெல்லாம் கார்டியன் என்ற சொல்லை விண்ணப்பங்களில் பார்த்து, பக்கத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று தேடியது சமீபத்தில்தான். அதற்குக் காரணம் என் தம்பி.

அவன் பிறவியிலேயே, அரசாங்கச் சொல்லில், அறிவுசார் குறைபாடு உடையவன். அறுபதை நெருங்குகிறான். படாளத்தில் என்னோடு இருக்கிறான். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. எனக்குப் பிறகு அவனுக்கு யார் என்பதைச் சட்டப்படி எழுதி வைத்தாக வேண்டும். என்னையே கார்டியனாக நியமித்தால், நான் போனதும் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அதனால் மகளின் பெயரைப் போட்டு விண்ணப்பித்தேன். அவளுக்கு ஐடி வேலை, கேளம்பாக்கத்தில் ஃபிளாட்.

"விசாரணைக்கு வரேம்ப்பா. சம்மதம் சொல்வியான்னு மட்டும் இப்பக் கேக்காத," என்றாள்.

எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு அது ஒன்றுதான் தெரியவில்லை. விசாரணை நாள்வரை இருப்புக் கொள்ளாமல் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

காவலைக் குறிக்கும் கார்டு, கார்டியன் இரண்டுக்கும் மூலம் பழைய ஜெர்மானிய மொழிகளில் இருந்த ஒரு சொல். கண் வைத்துப் பார்த்திருப்பது என்று பொருள். கத்தியும் இல்லை, கேடயமும் இல்லை. பிரான்சுக்குப் போனபோது அதன் முதல் ஒலி 'வ' போய் 'க' ஆயிற்று. ஆங்கிலேயர்கள் தங்களிடம் இருந்த பழைய வடிவத்தையும் விடாமல், பிரெஞ்சு வடிவத்தையும் வாங்கிக்கொண்டார்கள். காப்பவர் கார்டியன், காக்கப்படுபவர் வார்டு; இரண்டும் அடியில் ஒரே சொல். ஒரே சரக்கை இரண்டு தலைப்பில் பதிந்ததற்குத் தணிக்கைக்காரர் யாரும் ஆட்சேபம் எழுப்பவில்லை. நம் பங்குக்கு நாம் சேற்றுக்கு மட்கார்டும் ரயிலுக்கு கார்டும் வைத்தோம். ரயில்காரருக்கு இப்போது மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். மட்கார்டுக்கு இன்னும் பதவி உயர்வு வரவில்லை.

செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் எங்கள் மூவரின் முறை வந்தது. அறை வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அதிகாரி அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. நான் பணியில் இருந்தபோதும் கிடையாது. அப்போதும் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள்.

தம்பி, வீட்டில் பொழுது சாய்ந்ததும் வாசல் செருப்புகளை ஜோடி பார்ப்பான். யாருடையதாவது இல்லையென்றால், அவர் வந்து சேரும்வரை சாப்பிட மாட்டான். இந்தக் குவியலைக் கண்டதும் குந்தி உட்கார்ந்து அடுக்க ஆரம்பித்துவிட்டான்.

"உள்ள கூப்புடறாங்கடா. எழுந்திரு."

"நீ போண்ணா. நானும் வந்துட்டா இத்த யாரு பாக்கறது?"

அவனை நேரில் பார்க்காமல் உத்தரவு போட முடியாது என்றார் அதிகாரி. சரிதான், நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். "வரமாட்டேங்கறான் மேடம்," என்றபோது என் குரல் மனுதாரர் குரலாகவே இருந்தது. அந்த அம்மாள் எழுந்து வெளியே வந்தார்.

"என்ன ஐயா பண்றீங்க?"

"ஒண்ணுக்கு ஜோடி காணோம்," என்று ஓர் ஒற்றைச் செருப்பைத் தூக்கிக் காட்டினான். "நீ இன்னா, ஷூவோடயே போற வர்ற? கழட்ட மாட்டியா?"

"மாட்டேன்," என்று சிரித்தார்.

"அப்ப நீ வூட்டுக்கு வந்துட்டன்னு அவுங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அதிகாரி என் மகள் பக்கம் திரும்பினார். "இவரைப் பாத்துக்கறதுக்கு உங்களுக்குச் சம்மதமா?"

மகள் அவரைப் பார்க்கவில்லை. தம்பி அவளுடைய செருப்பை மட்டும் குவியலிலிருந்து எடுத்து, சுவரோரம் தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

"எங்க ஃபிளாட்ல வாசல்ல செருப்பு வுடக் கூடாது சித்தப்பா. அசோசியேஷன் ரூலு. உள்ளதான் வெக்கணும்."

"உள்ள வெச்சா இன்னா, பாக்க முடியாதா?"

"பாக்கலாம். ஆனா நான் வர லேட்டாவும். நீ முன்னாடியே சாப்புட்டுடணும்."

"அதெல்லாம் முடியாது பாப்பா."

"அப்ப நான்தான் ஷிஃப்ட்ட மாத்தணும்," என்று முனகினாள். பிறகு அதிகாரியிடம், "சம்மதம் மேடம்," என்றாள்.

கையெழுத்துப் போட உள்ளே போனாள். முறைப்படி எனக்கு அப்போது நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தாழ்வாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்து, பெஞ்சுகளுக்கு அடியில் குனிந்து, அந்த ஒற்றைச் செருப்பின் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அது கிடைக்காமல் தம்பி பஸ் ஏற மாட்டான்.