பங்காளி வண்டி

"அசையாத பாப்பா." கரையிலிருந்து என் அப்பா, நைனா, அன்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் கத்தவில்லை. சத்தம் போட்டால்கூட வண்டி நகர்ந்துவிடும் என்று பயந்தவர்போல மிக மெதுவாகச் சொன்னார். கல்லூரி விடுமுறைக்குச் செஞ்சிக்கு வந்திருந்த நான் அந்த வண்டியின் பின் சீட்டில் இருந்தேன். பானெட் பனமலை ஏரிக்குள் முழுகியிருந்தது. முன்கண்ணாடியின் கீழ்விளிம்பில் பழுப்புத் தண்ணீர் அலைந்துகொண்டிருந்தது. வண்டியின் அடியில் எங்கோ ஒரு பழைய பனங்கட்டை முட்டிக்கொண்டு நின்றதால்தான் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அது இரண்டே கதவு வைத்த, தரையோடு தரையாகப் போகும் பந்தய ஜாதி வண்டி. கூப்பே என்பார்கள். செஞ்சிக் கடைத்தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் "குப்பையா?" என்று கேட்பார்கள். பின் சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது. முன் சீட்டை மடக்கித் தள்ளினால்தான் ஏறவும் முடியும், இறங்கவும் முடியும். மூட்டுவலிக்கார அம்மாவால் அந்தச் சந்துக்குள் நுழைய முடியாது என்பதால் பின் சீட்டு எப்போதும் எனக்குத்தான். மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் ஐம்பது வயது மனிதர், வேட்டியைத் தொடை வரைக்கும் சுருட்டிக்கொண்டு ஏறி உட்காரும் வண்டியா அது என்று கேட்டால், இல்லைதான். ஆனால் சித்தப்பா ஒன்று வாங்கிவிட்டாரே.

சித்தப்பா என் நைனாவின் கூடப் பிறந்த தம்பி. வாய்த் துடுக்கு ஜாஸ்தி. சாவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். தாத்தா போன பிறகு அண்ணன் தம்பி இருவரும் மண்டியைப் பிரித்துக்கொண்டார்கள். கடையைப் பிரித்ததில் தகராறு இல்லை. சாக்கில் அச்சடிக்கும் தாத்தாவின் பெயர் யாருக்கு என்பதில்தான் வந்தது வினை. பெயர் மூத்தவருக்குப் போயிற்று. இளையவர் வேறு பெயரில் சாக்கு அடித்தார். அன்றோடு பேச்சு நின்றது. மண்டிக்கு நடுவில் ஒரு சுவர் எழுந்தது. அந்தப் பக்கம் சித்தப்பா தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பல வருஷம் ஓட்டிவிட்டார்கள். பிடிவாதத்தில் இருவரும் ஒரே அச்சு.

சித்தப்பா புதுச்சேரியில் யாரோ கழித்துவிட்ட சிவப்பு கூப்பே ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். "வயசுக்குத் தகுந்த வேலையா பாக்கறான் அவன்?" என்று நைனா இரண்டு மாதம் பொருமினார். மூன்றாவது மாதம் பெங்களூருக்குப் போய், "அவன் கம்பெனி வாடையே இருக்கக் கூடாது" என்று தரகரிடம் கண்டிப்பாகச் சொல்லி, நீல நிறத்தில் வேறொரு கம்பெனியின் கூப்பேயை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நான் போனில் தேடிப் பார்த்தேன். பகீரென்றது. அந்த இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஒரே அடிச்சட்டத்தை உருவாக்கி, மேலே ஆளுக்கொரு முகத்தையும் பெயரையும் ஒட்டி விற்றிருந்தார்கள். விளக்கு வேறு, முன்பக்கத்துச் சல்லடை வேறு. எலும்பு ஒன்றுதான். ஒரே செக்கு எண்ணெயை இரண்டு லேபிளில் விற்கும் வித்தை கடைத்தெருவுக்கே தெரியும். நைனாவே விற்றிருக்கிறார். ஆனாலும் தன் வண்டி என்று வந்தபோது அவருக்குத் தோன்றவில்லை. நான் அம்மாவிடம் சொன்னேன். "உங்க நைனா கிட்ட வாய தொறந்துடாத. அப்றம் அந்த மனுசனுக்குச் சோறு எறங்காது" என்றாள் அம்மா.

கடைத்தெரு விடுமா? சித்தப்பாவே டீக்கடையில் உட்கார்ந்து, "எங்கண்ணன் எனக்குப் பயந்து பெங்களூர் வரைக்கும் ஓடி, என் வண்டியவே வாங்கினு வந்துட்டாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சீக்கிரமே இரண்டுக்கும் 'பங்காளி வண்டி' என்று பெயர் விழுந்தது. ஒரே தாத்தா வழியில் வந்து பங்கு பிரித்துக்கொண்டவர்கள் பங்காளிகள். பேச்சு இல்லாவிட்டாலும் ஒருவர் வீட்டுத் தீட்டு மற்றவருக்கும் உண்டு. குலதெய்வமும் ஒன்றுதான். பங்காளிகள் இருவர் ஓட்டும் வண்டிகள் என்று நைனா அந்தப் பெயரைப் புரிந்துகொண்டார். வண்டிகளே பங்காளிகள் என்று ஊர் சொன்னது அவருக்கு எட்டவே இல்லை.

எங்கள் குலதெய்வம் பனமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கார்த்திகையில் இரண்டு குடும்பமும் ஒரே நாளில்தான் பொங்கல் வைத்தாக வேண்டும். முகத்தில் விழிக்காமல் இருக்க ஓர் ஏற்பாடு உண்டு. காலையில் நாங்கள், மத்தியானம் சித்தப்பா வீடு. அந்த வருஷம் அடைமழை. ஈரவிறகு பற்றாமல் எங்கள் பொங்கல் பொங்கவே நேரமாகிவிட்டது. நாங்கள் திரும்பும்போது ஏரிக்கரையின் நடுவில் எதிரே சிவப்பு வண்டி வந்து நின்றது. அந்தக் கரையில் ஒரு வண்டிதான் போகலாம். யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும்.

இரண்டு வண்டிகளும் மூக்கோடு மூக்காக நின்றன. "பின்னால எடுங்களேன்" என்றாள் அம்மா. "நான் மூத்தவன். உன் கொழுந்தன எடுக்கச் சொல்லு" என்றார் நைனா. அம்மா கண்ணாடியை இறக்கிக் கையைக் காட்டினாள். சித்தப்பா தலையை வெளியே நீட்டி, "வண்டி புதுசுதானே அண்ணி, ரிவர்சுன்னு ஒண்ணு குடுத்திருப்பானே" என்றார். அது நைனாவுக்கு உறைத்துவிட்டது. வண்டியை இடதுபக்கம் ஒடித்து, இல்லாத வழியில் புகுந்தார். நடந்த தப்பில் பாதி நைனாவுடையது, பாதி சித்தப்பாவுடையது. நான் யாருக்காகவும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஊறிப்போயிருந்த கரைவிளிம்பு அப்படியே சரிந்தது. வண்டி மூக்கு கீழாகச் சறுக்கி, கட்டையில் இடித்து நின்றது. நைனாவும் அம்மாவும் கதவைத் தள்ளிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கரையேறிவிட்டார்கள். அவர்கள் இறங்கிய அதிர்வில் வண்டி இன்னும் ஒரு முழம் கீழே போயிற்று. நான் முன் சீட்டை மடக்கக் குனிந்தேன். என் பாரம் முன்னால் போனதும் அடியிலே கட்டை முறியும் சத்தம் கேட்டது. அப்போதுதான் நைனா "அசையாத" என்றார். வண்டியின் மூக்குக்கு முன்னால் ஏரி இரண்டாள் ஆழம். பின்கண்ணாடியை உடைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். ஒரு அடி விழுந்தால் மொத்தமும் போய்விடும் என்று இன்னொருவர் தடுத்தார். எனக்கு அழக்கூடப் பயமாக இருந்தது. கழுத்தைத் திருப்பாமல், முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயலில் ஓடிக்கொண்டிருந்த டிராக்டரை யாரோ கொண்டுவந்தார்கள். டிராக்டர்காரர் சங்கிலியோடு இறங்கி வந்து வண்டியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். எல்லாம் வழவழவென்று பிளாஸ்டிக். மாட்டுவதற்கு ஒரு பிடி இல்லை. "பம்பர்ல கட்டினா பம்பர் மட்டுந்தான் கைக்கு வரும். பொண்ணு உள்ள போயிடும்" என்றார். இழுப்பதற்கான கொக்கி டிக்கிக்குள் இருந்தது. டிக்கி கரண்டில் திறப்பது. தண்ணீர் புகுந்ததில் கரண்டு செத்துவிட்டது. செஞ்சியிலிருந்து தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். என் காலடியில் தண்ணீர் வந்துவிட்டது.

சித்தப்பா தன் வண்டி டிக்கியைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு சேற்றில் சறுக்கி வருவது கண்ணாடியில் தெரிந்தது. ஒரு சாண் நீள இரும்புக் கொக்கி. ஒரு முனையில் வளையம், மறுமுனையில் மரை. அவர் எங்கள் பம்பரில் சின்னச் சதுர மூடி ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்தார். நைனா அந்தத் துளையைக் கையால் பொத்திக்கொண்டார். அப்போதும் அவர் தம்பியைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

"வேற கம்பெனிது அது. சேராதுன்னு சொல்லு. மரை கெட்டுப்போச்சுன்னா அந்த ஒரு வழியும் போயிடும்."

நைனா வீம்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினார். பெயர் வேறென்றால் பொருளும் வேறு என்றே அத்தனை வருஷம் வாழ்ந்தவர் அவர். ஊரே வாய்க்கு வாய் சிரித்த விஷயத்தை, டீக்கடையில் எத்தனையோ தடவை எடுத்துச் சொன்ன சித்தப்பா, அந்த நேரம் பார்த்து வாயைத் திறக்கவில்லை. கையில் கொக்கியோடு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நைனா, ரெண்டும் ஒரே வண்டி" என்றேன். "பங்காளி வண்டின்னு ஊர்ல சொல்றது உங்க ரெண்டு பேர இல்ல. வண்டிங்கள. அடி ஒண்ணுதான் நைனா. மாட்டச் சொல்லுங்க."

டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. நைனா துளையிலிருந்து கையை எடுத்தார்.

சித்தப்பா கொக்கியைச் செருகி வலதுபக்கம் சுற்றினார். பிடிக்கவில்லை. வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி சுற்றினார். சும்மா சுழன்றது. அவர் முகம் வெளுத்துப்போனதைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்த முகத்தில் நான் அதுவரை சிரிப்பைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. செத்தோம் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு இடதுபக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். அந்த வண்டிகளில் கொக்கிக்கு மரை எதிர்ப்பக்கம். கொக்கி கவ்விக்கொள்ளும் சத்தம் பம்பர் வழியாக என் சீட்டுக்கு வந்தது. கையால் சுற்ற முடிகிற வரை சுற்றிவிட்டு, வளையத்தில் ஒரு கம்பியை விட்டு இறுக்கினார். அந்தக் கம்பியின் மறுமுனையை நைனா பிடித்து அழுத்தினார்.

டிராக்டர் அடிமேல் அடியாக இழுத்தது. வண்டி கரைமேல் ஏறியதும் அம்மா கதவைத் திறந்து, சீட்டைத் தள்ளி, என்னைத் துணிமூட்டையைப்போல் வெளியே இழுத்தாள். சித்தப்பாவோடு வந்திருந்த சித்தி தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

கூட்டம் கூடியிருந்தது. கடைத்தெரு ஆட்களும் இரண்டு பேர் இருந்தார்கள். நைனா சேறு அப்பிய கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, எத்தனையோ வருஷம் கழித்து, தம்பியை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"பாப்பா சொல்றது நெசமா? ரெண்டும் ஒண்ணா?"

சித்தப்பாவுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வாய்க்காது. சாட்சிக்கு ஊர் நிற்கிறது. அண்ணனே கேட்கிறார். நான் சித்தப்பாவின் வாயையே பார்த்தேன்.

"அது பயத்துல இன்னாவோ சொல்லுதுண்ணா" என்றார். "உன்னுது வேற கம்பெனி, என்னுது வேற. ஏதோ சாமி புண்ணியம், சேந்துகிச்சு."

"அதான பாத்தேன்" என்றார் நைனா.

யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா போய்த் தன் வண்டியில் ஏறி, கரை நெடுக ரிவர்சிலேயே போய் எங்களுக்கு வழி விட்டார்.

அதன் பிறகு பேச்சு வந்தது. கொஞ்சமாகத்தான். மண்டிச் சுவர் அப்படியே இருந்தது. ஆனால் குலதெய்வத்துக்கு எல்லோரும் காலையிலேயே போனோம். டீக்கடையில் யாராவது பங்காளி வண்டி என்று ஆரம்பித்தால், "ரெண்டும் வேறடா, உனக்கு இன்னா தெரியும்?" என்று சித்தப்பா வாயை அடைத்துவிடுவார்.

போன வருஷம் சித்தப்பா திடீரென்று போய்விட்டார். நெஞ்சுவலி. நைனா பந்தலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. தெருவில் நின்ற இரண்டு கூப்பேக்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர் ஒருவர், இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே, ஒரே கம்பெனியா என்று விவரம் தெரியாமல் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஒரே வண்டிதான்" என்றார் நைனா. "மரை கவ்விச்சு பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. அவன் இல்லன்னான். எம்மேல இருந்த பாசத்துல சொல்றான், நான் எப்டி இல்லன்னு சொல்ல?"

அப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது.