மூன்று கொட்டேஷன்

மூன்று கொட்டேஷன் பார்க்காமல் எதையும் வாங்கத் தெரியாது விஸ்வலிங்கத்துக்கு. கப்பல் ஏஜென்சி ஒன்றின் கொள்முதல் பிரிவில் காலமெல்லாம் குப்பை கொட்டியவர். ஆபீஸ் புத்தியை ஆபீசிலேயே விட்டுவிட்டு வரலாம் அல்லவா? மாட்டார். அதையும் கையோடு புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார். ஒரு ஃபிரிட்ஜ் வாங்க அவர் இழுத்தடித்த இழுப்பில் மனைவி சரோஜினி தினமும் மார்க்கெட்டுக்கு நடந்தார்.

அவருக்கும் உட்லண்ட்ஸில் இருக்கும் சிநேகிதர் சேவியருக்கும் ஒரே பைத்தியம். கட்டைவிரல் உயரப் போர்வீரர் பொம்மைகளை மேசையில் அணிவகுத்து, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு. படையை வாங்குவது விஸ்வலிங்கம், வர்ணம் தீட்டுவது சேவியர். சேவியரின் தூரிகை பட்டால் மிளகளவு முகத்திலும் கோபம் தெரியும். விளையாட்டில் தோற்றாலும் அவருக்குக் கவலையில்லை, தீட்டினால் போதும்.

யானைப்படை ஒன்று வேண்டும் என்று சேவியர் கேட்டதும் விஸ்வலிங்கம் ஆராய்ச்சியில் இறங்கினார். உலோகம் கைக்குக் கனமாக, ராஜகம்பீரமாக இருக்கும். ஆனால் விலையும் கனம், எடைக்கேற்ற தபால் செலவு வேறு. பத்து உலோக வீரர்களின் காசுக்குப் பிளாஸ்டிக்கில் ஒரு படையே வரும். ஆனால் கையும் காலும் தனித்தனியாக வரும், உட்கார்ந்து பசை போட்டு ஒட்ட வேண்டும். ரெசின் என்கிற பிசின் வார்ப்பில் முகம் செதுக்கினாற்போல் அழகு. கீழே விழுந்தால் ஈட்டி இரண்டு துண்டு. சும்மா சொல்லக்கூடாது, கணக்கெல்லாம் சரிதான். முடிவுதான் வரவில்லை. இந்தக் கடையில் தள்ளுபடி வரும், அந்தக் கடையில் தபால் இலவசமாகும் என்று மாதங்கள் ஓடின.

ஒரு சனிக்கிழமை வழக்கம்போல் தேக்கா மார்க்கெட்டில் டீ குடிக்கும்போது சேவியர் மெல்லச் சொன்னார்.

"கண்ணு ஒரு மாதிரி மங்குது விஸ்வா. ஏதாவது ஒண்ண வாங்கிடு லா."

அவசரப்படுத்துகிறவனை நம்பாதே என்பது விஸ்வலிங்கம் ஆபீசில் படித்த பாடம். சிநேகிதனிடமும் அதையே காட்டினார். கண்ணாடியை மாற்றச் சொல்லிவிட்டு, ரெசின் விலை இறங்கப்போவதைப் பற்றி விளக்கினார். இன்றைக்கு அதை நினைத்தால் அவருக்கே தன் மேல் வெறுப்பாக இருக்கிறது.

கடைசியில் உலோகம் என்று முடிவெடுத்து, பெட்டி வந்து சேர்ந்து, அதைச் சுமந்துகொண்டு உட்லண்ட்ஸ் போனபோது அவர் குரலைக் கேட்டுத்தான் சேவியருக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டது. ஆபரேஷன் செய்தும் நிழல் மட்டும்தான் தெரிகிறதாம். கொஞ்ச காலமாகச் சனிக்கிழமை சந்திப்புகளைச் சேவியர் ஏன் தட்டிக்கழித்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

சேவியர் ஒரு யானையை எடுத்துத் தும்பிக்கையைக் கட்டைவிரலால் தடவினார்.

"உலோகமா? எதுக்கு இவ்வளவு செலவு? பெயிண்ட் அடிக்கத்தானே கேட்டேன். பிளாஸ்டிக்னாலும் எனக்கு ஒண்ணுதான். நீ கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே."

அத்தனை கடைகளையும் கேட்ட விஸ்வலிங்கம் இந்த ஒருவரைக் கேட்கவில்லை. சேவியர் யானையை வைப்பதற்காக மேசையின் விளிம்பைக் கையால் தேடிக்கொண்டிருந்தார்.