வென்றவர் கேட்ட மத்தியஸ்தம்

துறைமுகத்தில் ஜெனரேட்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நின்றபோது மச்சாள் யாழினியின் அழைப்பு வந்தது. "அம்மா போயிட்டா," என்றாள். அடுத்த வசனம்: "மாமாட்டக் கேட்டுச் சொல்லு, கேற்றைத் திறப்பாரோ எண்டு. வேலிக்குள்ளால பெட்டி போகாது."

தாயை இழந்தவள் முதலில் கேட்க வேண்டியிருந்தது இதைத்தான்.

யாழினியின் அம்மா செல்வராணி மாமி என் அப்பாவின் ஒரே தங்கை; அவள் சொன்ன மாமா என் அப்பா. இந்த நினைவு மலரில் வழக்கைப் பற்றி எழுத வேண்டாம் என்றார்கள் உறவினர்கள். எழுதுவேன். மாமியின் கடைசிக் காலத்தைத் தின்றது அந்த வழக்குத்தான்.

அன்புவழிபுரத்தில் எங்கள் வீடு றோட்டுப் பக்கம், மாமியின் வீடு பின்னால். எங்கள் மதிலோரப் பாதையால்தான் அவர் ஆஸ்பத்திரிக்குத் தாதி வேலைக்குப் போய்வந்தார். அப்பா அந்தப் பாதையில் பாதியை மறித்துத் தன் வான் வண்டிக்குக் கொட்டகை போட்டார். மாமி கேட்டார். வாய்த்தர்க்கம் முற்றி, அப்பா பாதை வாசல் கேற்றைப் பூட்டினார். அன்றிலிருந்து மாமி பின்வளவு வேலி இடைவெளியால் குனிந்து போய்வந்தார்.

மாவட்ட நீதிமன்றம் பாதை மாமிக்கு உரியது என்றது. அப்பா மேன்முறையீடு செய்தார். அது முடியும்வரை பூட்டு அசையாது என்றார்.

அப்போது மத்தியஸ்தத்துக்குப் போகலாம் என்று கேட்டவர் மாமி. வென்றவர்!

"ஏனம்மா, கையில தீர்ப்பு இருக்கே," என்றாராம் அவருடைய சட்டத்தரணி.

"தீர்ப்பு இருக்கு, தம்பி. அண்ணை இல்லையே."

அப்பா சிரித்தார். "வென்றவள் கதைக்கக் கூப்பிடுறாள் எண்டால் பயந்திட்டாள். கேஸில ஓட்டை இருக்கு." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். இதைவிட முட்டாள்தனமான கணக்கை நான் கண்டதில்லை.

பாதையைக் கிணற்றுப் பக்கம் மாற்றலாம், கொட்டகை தப்பும் என்பது மாமியின் யோசனை. நானே அளந்து பார்த்தேன். ஓட்டோ தாராளமாகப் போகும். அப்பாவிடம் சொன்னேன். "நீ ஆற்ற மகன், என்ரயோ அவளின்ரயோ?" என்றார்.

மத்தியஸ்தத் தவணை நாளன்று மாமியை நான்தான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனேன். அப்பா வரவில்லை, வேறு தவணை கேட்டுச் சட்டத்தரணியை அனுப்பியிருந்தார். மத்தியஸ்தர் எழுந்த பிறகும் மாமி எதிர்க் கதிரையைப் பார்த்தபடி இருந்தார். "கொஞ்சம் பொறுங்கோ. அண்ணை எப்பவும் பிந்தித்தான் வருவார்."

"அவர் வரமாட்டார், எழும்புங்கோ மாமி!" என்று கத்தினேன்.

"டேய் மருமோன், மனுசருக்கு ஸ்பானர் போட ஏலாது. மெல்லமாத்தான் இளகும்."

அடுத்த தவணை வருமுன் அவர் இதயம் நின்றுவிட்டது.

செத்தவீட்டன்று அப்பா கேற்றைத் திறந்தார். "பெரிய மனசு," என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு குனிந்து போனவருக்குத் திறக்காத பூட்டு, பெட்டிக்குத் திறந்தால் பெரிய மனசா? சுடலையால் வந்த அன்றே திரும்பவும் பூட்டினார். திறந்துவிட்டால் கேஸ் பழுதாகுமாம். இனி வழக்கில் மாமியின் இடத்தில் யாழினியின் பெயர் வரும். குனிவதும் அவள்தான்.

அப்பா, இதை நீங்கள் வாசிப்பீங்கள். அடுத்த தவணைக்கு அந்தக் கதிரையில் போய் இருங்கோ. உங்கட தங்கச்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்தவ.

மாமி, மனுசருக்கு ஸ்பானர் போட ஏலாது எண்டீங்கள். ஓம். கேற்றுக்குப் போடலாம். நேற்றுப் பிணைச்சலைக் கழற்றி, கேற்றை மதிலில் சாத்தி வைத்திருக்கிறேன். பூட்டு இன்னும் அதில்தான் தொங்குகிறது. இனிக் குனிய வேண்டாம். நிமிர்ந்து போயிட்டு வாங்கோ.