ஒரு மணிக்கு மேல் இருநூற்று இருபது கிடையாது

எங்கள் பியெலோவார் ஊரில் லியெர்காவைத் தெரியாதவர்கள் இல்லை. எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் பட்டறையில் பத்தொன்பது வருஷமாக வேலை. சனிக்கிழமையானால் எங்கள் ரேடியோ சங்கத்துக்கு வந்துவிடுவார். ஆண்கள் பதினான்கு பேர், பெண் அவர் ஒருவர்தான். சங்கம் அவருக்குக் கொடுத்திருந்த பொறுப்பு கதவுச் சாவியும் காபிக் கெட்டிலும். முதல் ஆளாக வந்து கதவைத் திறக்க வேண்டும், காபி போட வேண்டும். பன்னிரண்டு வருஷம் அவர் போட்ட காபியை வெட்கமில்லாமல் குடித்தவர்களில் நானும் ஒருவன்.

எண்பத்தாறு ஜனவரியில் எங்கள் சங்கம் இருந்த அதே கட்டடத்தில், கலாசார மன்றத்தின் சனிக்கிழமை நடனத்துக்குப் பாட்டுப் போடும் இசைத்தட்டுப் பெட்டி புகைந்து போனது. அதற்கு மின்சாரம் தரும் பகுதியைச் சங்கமே செய்து தரும் என்று தலைவர் ஷாந்தெக் வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் இஞ்சினியர். தானே செய்து முடிக்கலாம் என்றிருந்தார். லியெர்கா குறுக்கே வந்தார்.

"நானும் ஒண்ணு செய்யறேன். ரெண்டையும் வெச்சுக் கேளுங்க. என்னுது தோத்தா சாவியை உங்க மேசைல வெச்சுட்டுப் போயிடறேன். இந்தப் பக்கமே வர மாட்டேன்."

"அப்புறம் காபி யார் போடறது?" என்றார் ஷாந்தெக். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

லியெர்காவுக்கு வேறு போக்கிடம் கிடையாது. பட்டறையில் மோட்டார் பேச்சு, வீட்டில் கோழிப் பேச்சு. ரேடியோ விஷயங்களை வாயாரப் பேச அந்த ஓர் அறைதான் இருந்தது. அதையே பணயம் வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துச் சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சோதனை. வெளியே பனி முழங்கால் வரை. ஷாந்தெக்கின் பெட்டி அழகாக, கையடக்கமாக இருந்தது. லியெர்காவின் பெட்டியைத் தூக்க இரண்டு கை வேண்டும். பின்பக்கம் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் உள்ளங்கை அகலத்துக்குத் துருத்திக்கொண்டிருந்தது. ஷாந்தெக் மூடியைத் திறந்து பார்த்தார்.

"அம்மா தாயே, நமக்கு வேணுங்கறது இருபத்து நாலு வோல்ட். அதை ஏறாம இறங்காம பிடிச்சு வெக்கற ரெகுலேட்டர் ஒழுங்கா வேலை செய்ய அதுக்கு மேல மூணு இருந்தாப் போதும். இருபத்திரண்டு வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டா, கெப்பாசிட்டர்ல சேரும்போது முப்பது கிட்ட வந்துடும். தாராளம். நீ எதுக்கு இருபத்தாறு சுத்தியிருக்க? கெப்பாசிட்டரும் என்னுதைவிட ரெண்டு மடங்கு! மிச்சமெல்லாம் சூடாத்தானே போகும்? இதுல முட்டை பொரிக்கலாம்."

"பொரிச்சுக்கோங்க. நீங்க எந்த மின்சாரத்துக்குக் கணக்குப் போட்டீங்க?"

"இதென்ன கேள்வி? இருநூத்தி இருபது. நானே அளந்தேன்."

"எங்க?"

"எங்க தொழிற்சாலைல."

"உங்க தொழிற்சாலைக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. இந்தக் கட்டடம் லைனோட கடைசில தொங்குது. நடனம் ரெண்டு மணிக்கு. அந்த நேரத்துல வெச்சுக் கேளுங்க."

ஷாந்தெக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இசைத்தட்டுப் பெட்டியில் ஒன்றை மாற்றி ஒன்றாக இணைத்தோம். இரண்டிலும் பாட்டு சுத்தமாகக் கேட்டது. இரைச்சல் துளியும் இல்லை. அப்படியென்றால் சின்னதும் சூடாகாததும்தானே ஜெயிக்கும்? வாக்கெடுப்பில் பன்னிரண்டு கை ஷாந்தெக்குக்கு. லியெர்காவுக்குத் தச்சர் விங்கோவின் கை ஒன்று. நான் கையைத் தூக்கவே இல்லை. யாருக்கும் தூக்காமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டிருந்தேன், கோழைப் பயல்.

"சரி, சாவி?" என்று ஷாந்தெக் கையை நீட்டினார்.

லியெர்கா கதவருகே போனார். உள்பக்கமாகப் பூட்டினார். சாவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டி ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணே கால் வரைக்கும் சாவி என்கிட்டதான் இருக்கும். உட்காருங்க. கசகசா வெச்ச சுருள் ரொட்டி கொண்டாந்திருக்கேன்."

"உனக்குப் பைத்தியமா? என் பொண்டாட்டி சூப்போட காத்துக்கிட்டிருப்பா!"

"பன்னிரண்டு வருஷம் நான் காத்துக்கிட்டிருக்கேன். உங்க சூப்பு ஒரு மணி நேரம் காத்துக்கிட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

ஷாந்தெக் கத்தினார், மேசையைக் குத்தினார். லியெர்கா அசையவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் போட்டார். அந்த அறையின் மின்னழுத்தத்தைப் போன குளிர்காலத்திலிருந்து சனிக்கிழமைதோறும் குறித்து வைத்திருந்தார். நாங்கள் மூலையில் சீட்டாடும்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றே அளந்திருக்கிறார், ஒருத்தனும் கவனிக்கவில்லை. சுருளைத் தின்றபடி பக்கம் புரட்டினேன். காலையில் இருநூற்றுப் பதினெட்டு, இருநூற்றுப் பதினாறு. ஒரு மணிக்குமேல் எங்குமே இருநூற்றைத் தாண்டவில்லை. சுருளைக் கீழே வைத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தேன்.

எங்கள் ஊரில் மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை மின்சாரம் மலிவு. அந்த நேரம் வரும்வரை எந்த வீட்டிலும் துணி துவைக்கும் இயந்திரத்தைத் தொட மாட்டார்கள். ஒரு மணி அடித்ததும் ஊரே பொத்தானை அழுத்தும். எங்கள் வீட்டில் என் மனைவி கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பாள். இது எங்கள் பதினான்கு பேருக்கும் தெரியும். இருந்தும் சோதனையைப் பதினொரு மணிக்கு வைத்தோம் பாருங்கள்!

தேவாலயத்தில் ஒரு மணி அடித்தது. ஷாந்தெக்கின் பெட்டியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடத்தில் தலைக்குமேல் பல்பு மங்கியது. பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கிளம்பிப் பெருத்தது. லியெர்கா மீட்டரை நீட்டினார். நூற்றுத் தொண்ணூறு.

"வேணுங்கறது இருபத்தேழு, கெப்பாசிட்டர்ல இப்ப இருபத்தஞ்சுதான் சேருது. ரெகுலேட்டருக்கு மூச்சு முட்டுது" என்றபடி தன் பெட்டிக்கு மாற்றினார். உறுமல் நின்றது. பாடகி மூச்சை இழுத்துக்கொள்வதுகூடக் கேட்டது.

"என் கணக்குல தப்பில்ல" என்றார் ஷாந்தெக். முகம் வெளிறியிருந்தது. "மின்சாரம்தான் மோசம்."

"மின்சாரம் மோசம்னுதானே இதைச் செய்யறோம்? நல்லா வந்தா நாம எதுக்கு?"

இந்த முறை யாரும் கேட்காமலே கை தூக்கினேன். விங்கோவும் தூக்கினான். அப்புறம் எல்லாக் கைகளும் எழும்பின. ஷாந்தெக் மட்டும் கதவைப் பார்த்தபடி நின்றார்.

லியெர்கா பூட்டைத் திறந்தார். சாவியை மறுபடி கழுத்தில் மாட்டினார்.

"சாவி என்கிட்டயே இருக்கட்டும். கெட்டில் உங்களுக்கு, இஞ்சினியரே."

அடுத்த சனிக்கிழமை ஷாந்தெக் காபி போட்டார். வாயில் வைக்க முடியவில்லை. லியெர்கா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.