மொச்சைக் காட்டில் விழுந்த பந்து

போன வாரம் தேனியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கண்ணில் மருந்தை ஊற்றி, கூப்பிடுகிற வரைக்கும் உட்காரச் சொன்னார்கள். எதிரே டிவியில் கோல்ஃப் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் பச்சையாகக் கலங்கித்தான் தெரிந்தது. இரண்டு கண்டங்கள் அணி கட்டி ஆடுகிற போட்டி. கடைசிக் குழி வரைக்கும் சமமாகவே வந்து நிற்கிறதாம். வர்ணனைக்காரர் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த பெரியவர் கேட்டார்: "ஏத்தா, யாரும் தவறிப்போயிட்டாகளா? இம்புட்டு மெதுவாப் பேசுறான்."

"அதெல்லாம் இல்லய்யா. அடிக்கப் போறவருக்குக் கவனம் சிதறக் கூடாதுல்ல. இது உள்ள போனா ஜெயிச்சிருவாக. போகலைன்னா சமம்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான் இதுக்கு ஒருக்கா அம்பயரா இருந்திருக்கேன்யா."

பெரியவர் என் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். மருந்து கூடிப்போய்விட்டது என்று நினைத்திருப்பார். நீங்களாவது நம்புங்கள்.

அப்பாவுக்குத் தேனி பஜாரில் ஹார்டுவேர் கடை. கல்லூரி முடித்தால் கல்லாவில் உட்கார வைத்துவிடுவார் என்று பயந்து, காற்றாலை அமைக்கிற கம்பெனி ஒன்றில் போய்ச் சேர்ந்தேன். கண்டமனூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டுக்குள் ஒரு தகரக் கொட்டகைதான் ஆபீஸ். மூலையில் கிரீஸ் டின்கள் அடுக்கியிருக்கும். அந்த வாடை சுடிதாரில் ஏறி வீடு வரைக்கும் வரும். அம்மா வைத்த ரசத்திலும் எனக்குக் கிரீஸ் மணக்கும். இன்றைக்கும் மெக்கானிக் கடை எதையாவது தாண்டினால் எனக்குச் சட்டென்று இருபத்திரண்டு வயதாகிவிடுகிறது.

கோபுரம் நிறுத்த டென்மார்க்கிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். மின்சார வேலைக்கு ஸ்பெயினிலிருந்து மூன்று பேர். இரண்டு கூட்டமும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் ஒருவர் ஆங்கிலம் மற்றவருக்குப் புரியாது. அதை ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பதுதான் என் உத்தியோகம்.

இதில் கம்பெனி டிரைவர் ஜெயராஜ் அண்ணன் வேறு. கூடலூர்க்காரர். குமுளி ரோட்டில் கேரளாவுக்கு ஜீப் ஓட்டிப் பழகியவர். தமிழ் தெரியாதவர் யாராக இருந்தாலும் மலையாளத்தில் பேசிவிட்டால் போதும் என்பது அவர் கொள்கை. "சாரே, இவிடே இரிக்கு" என்று டென்மார்க்காரரை ஜீப்பில் ஏற்றுவார். அதுதான் தமிழ் என்று நம்பி அவர்களும் அக்கறையாகக் கற்றுக்கொண்டார்கள். ஸ்பெயின் அணித் தலைவர் மிகேல், ஆண்டிபட்டி டீக்கடையில் "சேட்டா, ஒரு சாயா" என்று கேட்டதும், கடைக்காரர் என்னைப் பார்த்து, "சாரு கேரளாவாம்மா?" என்று விசாரித்தார்.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைசி மெஷினை ஓட்டிப் பார்த்தாக வேண்டும், இரண்டு கூட்டத்தில் ஒன்று ஊருக்குப் போகலாம், மற்றது இங்கேயே இருக்க வேண்டும், யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று ஹெட் ஆபீஸில் கை கழுவிவிட்டார்கள். மிகேலின் மகள் அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தாள். அவர் அதைப் போனில் மட்டும் பார்த்திருந்தார். டென்மார்க் தலைவர் லார்ஸ், மனைவி அனுப்பிய மெசேஜை என்னிடம் காட்டினார். இந்தத் தடவையும் வரவில்லையென்றால் இனிமேல் வரவே வேண்டாம் என்று இருந்தது. இரண்டு பேரும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு லார்ஸ் கண்டெய்னரிலிருந்து ஒரு நீளப் பையை இறக்கினார். உள்ளே கோல்ஃப் மட்டைகள்.

ஒவ்வொரு காற்றாலையின் அடியிலும் ஒரு பெயிண்ட் டப்பாவைப் புதைத்துக் குழியாக்கினோம். ஒன்பது மெஷின், ஒன்பது குழி. ஜெயிக்கிற கூட்டம் ஊருக்குப் போகலாம். ஒரு நாட்டுக்கு ஒரு பந்து. மூன்று பேரும் முறை வைத்து அடிக்க வேண்டும். குறைந்த அடியில் எந்தப் பந்து குழிக்குள் விழுகிறதோ அந்த நாட்டுக்கு அந்தக் குழி. டென்மார்க் பந்து வெள்ளை. ஸ்பெயின் பந்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தோம். ஸ்பெயின் அணியில் ஒருவருக்குக் கால் சுளுக்கு. அவருக்குப் பதில் ஜெயராஜ் அண்ணன் ஸ்பெயினுக்காக இறங்கினார். இரண்டு பக்கமும் மற்றவரை நம்பாததால் நான் அம்பயர். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியதுதான் என் தகுதி.

புல் என்று ஒன்று மருந்துக்கும் கிடையாது. செம்மண், சரளைக் கல், ஆட்டுப் புழுக்கை. பந்து ஒரு கல்லில் பட்டால் வருசநாட்டு மலைப் பக்கம் போகும், இன்னொரு கல்லில் பட்டால் அடித்தவர் காலுக்கே திரும்பி வரும். எதிர்பார்க்காத விதமாக இதில் நன்றாக ஆடியவர் ஜெயராஜ் அண்ணன்தான். கரும்பு வெட்டுகிற மாதிரி வீசுவார். எப்படியோ நேராகப் போகும். எட்டுக் குழி முடிந்தபோது ஆளுக்கு நாலு. பக்கத்து ஊரே வேடிக்கைக்கு வந்துவிட்டது.

ஒன்பதாவது மெஷினை ஒட்டிப் பேச்சியம்மாவின் மொச்சைக் காடு, பூவும் காயுமாக நின்றது. டென்மார்க் பந்து ஆறாவது அடியில் குழிக்குள் விழுந்துவிட்டது. ஸ்பெயினுக்கு மூன்றாவது அடி ஜெயராஜ் அண்ணனுடையது. கூட்டத்தைப் பார்த்ததில் அவருக்கு வீச்சு கூடிப்போய்விட்டது. பந்து பறந்து மொச்சைக்குள் விழுந்தது. மிகேல் அதைத் தேடி உள்ளே காலை வைத்தார்.

"ஏய், வெளிய வாய்யா" என்று ஒரு குரல். செடிக்குள்ளிருந்து பேச்சியம்மா எழுந்தார். மடியில் மொச்சை, கையில் மஞ்சள் பந்து.

"சேச்சி, சேச்சி" என்று மிகேல் கெஞ்சினார்.

"எம்பேரு பேச்சி. சேச்சி இல்ல" என்றவர், பந்தைக் காட்டின் ஓரத்தில் நச்சென்று வைத்தார். "காட்டுக்குள்ள ஒருத்தரும் வரக் கூடாது. இங்கன இருந்து அடிக்கிறதுன்னா அடிங்க. இல்லாட்டிப் பந்து எனக்கு."

இரண்டு நாடும் என்னைப் பார்த்தன. எனக்கு விதி தெரியாது. ஆனால் பேச்சியம்மாவைத் தெரியும். "இங்கிருந்தே அடிக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னேன். லார்ஸ் பெருமூச்சு விட்டு ஒத்துக்கொண்டார்.

மிகேல் அடித்ததும் பந்து குழிப் பக்கம் வந்தது. அடுத்தவர் அதை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்தார். ஆறாவது அடி ஜெயராஜ் அண்ணனுக்கு. போட்டால் சமம்; தவறினால் மூன்று பேருக்கு ஊர் இல்லை. அண்ணன் கையைக் கைலியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். மட்டை நடுங்குவது எனக்கே தெரிந்தது. மிகேல் திரும்பி நின்றுகொண்டார்.

லார்ஸ் மெதுவாக வந்து, குனிந்து, அந்த மஞ்சள் பந்தை எடுத்து மிகேல் கையில் கொடுத்தார்.

நான் கையைத் தூக்கினேன். "பந்தைத் தொட்டாச்சு. டென்மார்க் அவுட்."

ஊரே கை தட்டியது. லார்ஸ் பொறுமையாக எனக்குப் பாடம் எடுத்தார். இவ்வளவு கிட்டே இருந்தால் எதிராளி விட்டுக்கொடுக்கலாம், போட்டதாகவே கணக்கு. ஆகவே ஆட்டம் சமம். "இவர் கை நடுங்கியதால் நான் ஜெயித்தேன் என்று வீட்டில் போய் எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். மிகேல் அவரைக் கட்டிப் பிடித்தார்.

"சமம்தான்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. எஞ்செடியாச்சும் தப்பிச்சிருக்கும்" என்றார் பேச்சியம்மா.

அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோது ஹெட் ஆபீஸ் போன் வந்தது. ஏதோ ஒரு பாகம் தூத்துக்குடி துறைமுகத்தில் மாட்டிக்கொண்டதாம். பொங்கல் கழிந்துதான் வருமாம். எல்லாரும் ஊருக்குப் போகலாமாம். நான் அதைச் சொல்லி முடித்ததும் அத்தனை பேரும் கூச்சலிட்டார்கள், ஜெயராஜ் அண்ணனைத் தவிர.

"எனக்கு எதுக்கு விட்டுக்குடுத்தாரு? நான் போட்டிருப்பேன் தங்கச்சி" என்று பந்தை வாங்கி அதே இடத்தில் வைத்து அடித்தார். டப்பாவின் விளிம்பில் பட்டு விலகிப் போனது. மறுபடி வைத்தார். மறுபடி விலகியது. மூன்றாவது தடவை லார்ஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டார். நாலாவது தடவை பேச்சியம்மா வந்து காலால் தள்ளி உள்ளே விட்டார். "போச்சுல்ல? எல்லாரும் வீட்டப் பாத்துக் கெளம்புங்க."

பொங்கலுக்குப் பிறகு வந்தது வேறு ஆட்கள். லார்ஸ் சில வருசம் மகனோடு நிற்கிற போட்டோ அனுப்பினார். அப்புறம் அதுவும் நின்றுபோனது. பேச்சியம்மா மகன் வீட்டோடு திருப்பூர் போய்விட்டார். ஜெயராஜ் அண்ணன் போய்ச் சேர்ந்து இரண்டு வருசமாகிறது. கடைசியாகப் பார்த்தபோதும், தான் அதைப் போட்டிருப்பேன் என்றுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போன மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். எங்கள் ஒன்பது மெஷினையும் பழசாகிவிட்டது என்று கழற்றிவிட்டார்கள். மொச்சைக் காடு இருந்த இடம் வரைக்கும் கம்பி வேலி, உள்ளே வரிசை வரிசையாகச் சோலார் தகடுகள். ஆளே இல்லை, எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்கிறார்களாம். வேலியோரம் நின்று குழி எங்கே இருந்திருக்கும் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து என்ன வேண்டும் என்றார்.

"இங்க முன்னாடி ஒரு ஆட்டம் நடந்துச்சு. அதப் பாக்க வந்தேன்."

அவர் என்னையும் வேலியையும் ஒரு தடவை பார்த்தார்.

"இங்கன ஆடு மேய்க்கவே விட மாட்டாகம்மா. ஆட்டமெல்லாம் எங்கிட்டு?"