திறப்பு விழா முடியட்டும்

வல்லம் வடகால் கம்பெனியில் இசக்கிபாண்டிக்குப் பெட்டிகளோடுதான் வேலை. வடக்கே எங்கோ எழும்பிக்கொண்டிருக்கும் பெரிய விமான நிலையத்துக்கு, பயணிகளின் பெட்டிகளை நகர்த்தும் கன்வேயர் பெல்ட்டை இங்கே செய்கிறார்கள். மணல் நிரப்பிய பெட்டிகளை அதில் ஓடவிட்டு, எங்கே சிக்குகிறது என்று அவன் குறித்துக்கொடுக்க வேண்டும். விமானத்தில் அவன் ஏறியதே இல்லை. சொந்த ஊருக்கு பஸ் ஏறியே ஒன்றரை வருஷம் ஆகிறது.

எல்லாம் அந்த விமான நிலையத் திறப்பு விழாவால் வந்த வினை. அது முடியும்வரை யாருக்கும் லீவு கிடையாது. கடையநல்லூரில் அக்கா உலகம்மாளுக்கு ஒரே பெண் குழந்தை. காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். கூடப்பிறந்தவன் இவன் ஒருவன்தான். போன வருஷம் வைகாசியில் திறப்பு என்றார்கள், அக்கா ஆவணியில் நாள் பார்த்தாள். திறப்பு ஐப்பசிக்குப் போனது, காதுகுத்து தைக்குப் போனது. அங்கே கூரை முடிந்தால் கரண்ட் வரவில்லை, கரண்ட் வந்தால் கம்ப்யூட்டர் ஓடவில்லை. ஆயிரம் வேலை ஒன்றுக்கொன்று காத்துக்கிடக்கிற இடத்தில் தேதியை மட்டும் முதலிலேயே அறிவித்துவிடுகிறார்கள். என்ன அவசரமோ!

இந்த ஆவணியிலும் அக்கா காதுகுத்துக்கு நாள் குறித்தாள். சூப்பர்வைசர் தாண்டவராயனிடம் போய் நின்றான்.

"ரெண்டே நாள் சார்."

"இன்னாப்பா நீ! டெஸ்டிங் முடியலன்னா என் தலைதான் உருளும். திறப்பு முடியட்டும், பதினஞ்சு நாள் தர்றேன்."

காதுகுத்து வைத்த ஞாயிற்றுக்கிழமை பெல்ட் பக்கத்தில் நிற்கும்போது அக்காவின் போன்.

"பதினோரு மணி வர வாசலயே பாத்துக்கிட்டு இருந்தோம்ல. பெரியம்ம மவன் பெருமாள்சாமி மடியில உக்காரவச்சு குத்தியாச்சு. பிள்ளைக்கு அஞ்சு வயசாவுது, இன்னும் எத்தன தடவ தள்ளிப்போட?"

"சரிக்கா" என்றான். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கி பெல்ட்டில் வைத்தான்.

மறுநாள் காலை தாண்டவராயன் எல்லோரையும் கூப்பிட்டார்.

"திறப்பு இன்னும் ஆறு மாசம் தள்ளிப்போச்சு. அங்க கட்டடமே ரெடியாவலயாம். லைன நிறுத்தறோம், பதினஞ்சு நாள் ஊருக்குப் போய்ட்டு வாங்க." இசக்கிபாண்டியைப் பார்த்துச் சிரித்தார். "நீ கேட்டியே, போய் ஜோரா காதுகுத்த நடத்திட்டு வா."

பாவம், அவருக்கு என்ன தெரியும்.

சுங்குவார்சத்திரம் அறைக்கு வந்து பையை இழுத்துத் திறந்தான். அடியில் போன வருஷம் எடுத்த பட்டுப்பாவாடை, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. இப்போது கட்டினால் பிள்ளைக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். பதினைந்து நாள் லீவு. ஊருக்குப் போய் யாரை மடியில் உட்காரவைப்பது? பையை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.